சின்னவன் துண்டு

அத்தியாயம் பதினொன்று

"நீங்க எப்பலேர்ந்து விவசாயி ஆனீங்க?"

மனைவி கேட்ட அந்தக் கேள்வி, பேருந்தில் சின்னவனுக்குப் பக்கத்து இருக்கையில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்து வந்தது. போன வாரம் அவனுடைய கைபேசி சாப்பாட்டு மேசையில் கிடந்ததும், "பயிர் மானியம் வரவு" என்று வங்கியிலிருந்து வந்த செய்தி அவள் கண்ணில் பட்டதும் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்குத்தான் வந்து சேருகிறவர்களுக்கு அவன் வண்டவாளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மண்வெட்டியைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

நிலம் அண்ணனுடையது. படிப்புச் செலவும் கடைக்கு முதலும் சின்னவனுக்கு, நிலம் முழுக்கப் பெரியவனுக்கு என்று அப்பா இருக்கும்போதே வாய்வார்த்தையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் இருப்பதிலேயே பெரிய துண்டுக்கு வீட்டில் வழங்குகிற பேர் "சின்னவன் துண்டு". அவன் பிறந்த வாரத்தில் அப்பா அதை வாங்கினார், அவ்வளவுதான் சங்கதி. பத்திரம் இன்றைக்கும் அப்பா பேரில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், பத்திரம் யார் பேரில் இருந்தாலும் சரி, நிலத்தில் யார் பாடுபடுகிறாரோ அவருக்கே மானியம் என்று அரசாங்கம் அறிவித்தது. கணக்கெடுக்க வந்த பெண் வேலிக்கு வெளியே நின்று, "இது யாரு நிலம்?" என்று கேட்டாள். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சின்னவன் துண்டுங்க" என்றாள். பாடுபடுகிறவர் இளைய மகன் என்று பதிவாகிவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு அலுவலகத்திலிருந்து சின்னவனுக்குச் செய்தி வந்தது.

அதுவரைக்கும் நடந்தது பிழை. கணக்கு எண்ணை அவன் அனுப்பி வைத்தானே, அதற்குப் பெயர் வேறு.

முதல் தடவை பணம் வந்தபோது அண்ணனிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தான். அந்த மாதம் பார்த்துக் கடைக்கு வாடகை கூட்டினார்கள். அடுத்த வருடம், "இந்த நிலத்தில் நானே பாடுபடுகிறேன்" என்ற வரிக்கு நேராகக் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே ஒரு தட்டுத் தட்டினான். அதன் பிறகு அது பழகிவிட்டது. அண்ணனோ வருடா வருடம் விண்ணப்பம் போட்டு, "இந்தத் துண்டுக்கு ஏற்கனவே ஒருத்தர் வாங்குறாருங்க, பேரெல்லாம் சொல்லக் கூடாது" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். கடைசியில் பொறுக்க மாட்டாமல் புகார் எழுதிக் கொடுத்தான். இன்றைக்கு நிலத்துக்கே வந்து விசாரிக்கப் போகிறார்கள். வாரிசு இரண்டு பேரும் இருக்க வேண்டுமாம்.

"நீயும் வந்துடுடா, உன்னைப் பார்த்தும் நாளாச்சு" என்று அண்ணன்தான் போன் பண்ணினான்.

"அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சொல்லாம திரும்பி வராதீங்க" என்று மனைவி அனுப்பி வைத்தாள்.

முகத்தைப் பார்த்துச் சொல்வதென்று அவனும் தீர்மானம் செய்துகொண்டுதான் கிளம்பினான். ஆனால் வீட்டு வாசலில் அவன் முதலில் பார்த்தது அண்ணன் முகத்தை அல்ல, டிராக்டரை.

அது குளித்து முழுகி நின்றது. சக்கரத்து இடுக்கில் ஒரு பொட்டு மண் இல்லை. பெயர்ந்து போயிருந்த சிவப்புப் பெயின்ட்டை யாரோ சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடைத்திருந்தார்கள்.

"என்ன அண்ணி, வண்டிக்குக் கல்யாணமா? இந்தப் பளபளப்புப் பளபளக்குது?"

சமையலறை ஜன்னலில் தெரிந்த அண்ணி சிரிக்கவில்லை. "சாயங்காலம் பாக்க வர்றாங்க தம்பி. விலை படிஞ்சா இன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்களாம்."

சின்னவனுக்குச் சிரித்த வாய் சிரித்தபடி நின்றுவிட்டது.

"வித்துட்டு எதை வெச்சு உழுவாரு?"

"வாடகைக்கு எடுக்கலாம்னு சொல்றாரு. வாடகைக்கு எங்க போறதுன்னு நான் கேக்கல. கேட்டா அவருக்குக் கோவம் வருது. உள்ள வாங்க, சாப்பிடுங்க."

அவித்த முட்டையும் ரொட்டியும் தட்டில் வந்தன. அண்ணி எதிரே உட்காரவில்லை. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டு எதையோ முணுமுணுத்தாள்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"மனப்பாடம் பண்றேன்." அவள் முகம் லேசாகச் சிவந்தது. "நிலம் என் மாமனார் பேர்ல இருக்கு. பாடுபடுறது என் வீட்டுக்காரர். சின்னவன் துண்டுங்கிறது வெறும் பேரு. இந்த மூணு வார்த்தையை அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? கோழி பறந்து போயிடுமா என்ன? நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லியிருக்கலாம்ல?"

"அண்ணி, அதுல உங்க தப்பு..."

"என் தப்புதான். உங்க அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். வெளியில நிக்குதே வண்டி, அதை விக்குறது அவரில்ல. என் வாய்தான் விக்குது."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

சின்னவன் முதல் முட்டையையே இன்னும் முடிக்கவில்லை. தன்னைப் போல ஒரு கேவலமான மனிதன் இந்த மேசையில் இதுவரை உட்கார்ந்திருக்க மாட்டான் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றி என்ன? தண்ணீரைக் குடித்து முட்டையை உள்ளே தள்ளினான். இப்போதே சொல்லிவிட வேண்டும். அண்ணனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் இவளிடம்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு..."

"வந்துட்டியாடா!" கையெல்லாம் கிரீஸோடு அண்ணன் உள்ளே நுழைந்தான். தொட்டுவிடக் கூடாதென்று முழங்கையால் தம்பியின் தோளை இடித்தான். "என்னடா இளைச்சுப் போயிட்ட? கடைக்கு வர்றவங்க உன்னைக் கண்ணாடி போட்டுத்தான் தேடணும் போல."

வந்தவுடன் கிண்டல், அதுதான் பெரியவன். குழாயடியில் கை கழுவிக்கொண்டே பேசினான்.

"இன்னைக்குத் தெரிஞ்சிடும்டா, அந்தப் புண்ணியவான் யாருன்னு. எனக்குக் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரன் மேலதான் சந்தேகம். போன மாசம் புதுசா கேட் போட்டிருக்கான்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவ?" சின்னவனின் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"சட்டையைப் பிடிப்பேன்னு நினைக்கிறியா? மாட்டேன். ஒரே ஒரு நாள் வந்து அந்தத் துண்டுல கல்லு பொறுக்குடான்னு சொல்லுவேன். பொறுக்கிட்டு மானியத்தை நீயே வெச்சுக்கடான்னுவேன். சாயங்காலம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அவனே திருப்பிக் குடுத்துடுவான்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். அண்ணியும் சிரித்துவிட்டாள். சின்னவனும் சிரித்தான், அதுதான் கொடுமை.

சொல்ல வந்ததை நிலத்துக்குப் போகிற வழியில் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டான். வழியில் அண்ணன் வேலிக்கார ஆளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். நடுவில் புக வழி கிடைக்காமல் சின்னவன் கூடவே நடந்தான். பேச்சில் இடைவெளி கிடைத்தபோது துண்டு வந்துவிட்டது.

மக்காச்சோளம் இடுப்பளவுக்கு நின்றது. வரப்பில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்தாள். ஜலதோஷம் போலும், பேச்சுக்குப் பேச்சு மூக்கை உறிஞ்சினாள். கள ஆய்வாளர் அவள்தான்.

"புகார் குடுத்தது யாரு?"

"நாந்தாங்க" என்று பெரியவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நீங்க?"

"என் தம்பிங்க. எங்க அப்பாவுக்கு நாங்க ரெண்டே பேரு."

அவள் திரையைப் பார்த்தாள். சின்னவனைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"அப்ப இந்தத் துண்டுக்கு மானியம் வாங்குறது நீங்கதானே சார்? உங்க பேருதான் இருக்கு, உங்க போன் நம்பர்தான் இருக்கு. இதுல என்ன புகார்?"

சோளத் தோகைகள் உரசிக்கொண்டன.

சின்னவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பார்த்துச் சொல்லச் சொல்லி மனைவி அனுப்பினாளே, அந்த முகம். முதலில் அதில் ஒன்றுமே இல்லை. கணக்குத் தப்பாகிவிட்டது, கூட்டிப் பார்க்கிறேன் என்பது போல நெற்றி சுருங்கியது. அப்புறம் விரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்திருந்தால் பிழைத்திருப்பான். வந்தது வெட்கம். பறிகொடுத்தவன்தான் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தான்.

கழுவின கையை வேட்டியில் மறுபடியும் துடைத்துக்கொண்டு பெரியவன் பேசினான்.

"ஆமாங்க. அவன்தான் பாடுபடுறான். நான் கூலிக்கு ஓட்டிக் குடுக்குறேன்."

"அண்ணா..."

"நீ சும்மா இரு." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புகாரு தப்பா குடுத்துட்டேன் மேடம். வேற துண்டுன்னு நினைச்சுட்டேன்."

ஆய்வாளர் மூக்கை உறிஞ்சினாள். இந்த உத்தியோகத்தில் அவள் கேட்காத பொய்யா? "பொய்ப் புகார்னு பதிவானா, உங்க மத்த நிலத்துக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் கிடைக்காது. தெரியும்ல?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஆமாங்க."

அவள் சின்னவன் பக்கம் திரும்பினாள். "சார், இதுக்கு முன்னாடி இங்க என்ன போட்டிருந்தீங்க?"

சின்னவன் சோளத்தைப் பார்த்தான். அது ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. "கோதுமை..."

"சூரியகாந்தி" என்றான் பெரியவன்.

"நான் அவரைக் கேட்டேன். மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு சார்?"

சின்னவன் கையைத் தூக்கினான். சின்ன வயதில் அது மேற்கு மூலையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. மேற்கு மூலையில் இப்போது கொட்டகை இல்லை, கற்குவியல்தான் இருந்தது. அண்ணன் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட கற்கள், ஆள் உயரத்துக்கு. தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டான்.

"சரி. பயிரைப் போட்டோ எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள என்ன சொல்லணுமோ முடிவு பண்ணுங்க" என்று அவள் வரப்போடு நடந்தாள். போகிறபோதே டேப்லெட்டை நீட்டி, தம்பிதான் பாடுபடுகிறான் என்று புகாரைத் திரும்பப் பெறுவதற்குப் பெரியவனிடம் விரலால் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். அவன் தயங்கவே இல்லை.

அண்ணனும் தம்பியும் தனியாக நின்றார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றான் பெரியவன்.

"மொதல்லேர்ந்து."

பெரியவன் தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு சோளத் தோகையில் ஒட்டியிருந்த பூச்சியை எடுத்து நசுக்கினான்.

"ஏண்ணா அப்படிச் சொன்ன? உண்மையைச் சொல்லியிருந்தா உனக்கு..."

"எனக்கு என்ன? மானியம் இந்த வருஷம் போனா இன்னொரு வருஷம் வரும். அந்தப் பொண்ணு வாயால உன்னைத் திருடன்னு சொல்லிட்டா, அது எந்த வருஷம் போகும்?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. கடை கஷ்டம்னு ஒரு போன் பண்ணியிருந்தா வண்டியை அன்னைக்கே வித்திருப்பேனே."

சின்னவனுக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் தனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அண்ணனைக் காப்பாற்ற இப்போது உண்மையைச் சொல்லலாம். சொன்னால், கையெழுத்துப் போட்ட அண்ணனும் பொய் சொன்னவனாகிவிடுவான். சொல்லாவிட்டால் டிராக்டர் போகும், மற்ற நிலத்து மானியமும் போகும். காலையில் சமையலறையிலேயே வாயைத் திறந்திருந்தால் அவமானம் அவனோடு போயிருக்கும். இப்போது இழுத்துக்கொண்டு வந்து அண்ணன் தலையிலும் வைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி வந்தாள். ஒரு கையில் டீக் கெட்டில், இன்னொரு கையில் கோர்த்துப் பிடித்த டம்ளர்கள். வரப்பில் அவள் வேகமாக நடந்து வந்ததில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. போட்டோ முடித்துத் திரும்பிய ஆய்வாளர் அவளைப் பார்த்து நின்றாள்.

"நீங்க யாரும்மா?"

"இவரோட வீட்டுக்காரிங்க."

"அப்படியா? இது யாரு நிலம்?"

பெரியவன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டாள். டம்ளர்களையும் வைத்தாள். வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி கைகளைக் கட்டிக்கொண்டு, ஆய்வாளரை நேராக நிமிர்ந்து பார்த்து, ஒரு வார்த்தை சிந்தாமல் ஒப்பித்தாள்.

"நிலம் என் மாமனார் பேர்ல இருக்கு. பாடுபடுறது என் வீட்டுக்காரர். சின்னவன் துண்டுங்கிறது வெறும் பேரு."

சொல்லி முடித்ததும் அவளுக்கு ஒரு பெரிய மூச்சு வந்தது. பாரம் இறங்கிய சந்தோஷத்தில் கணவனைப் பார்த்தாள்.

கணவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி சொல்றாரேம்மா" என்றாள் ஆய்வாளர். "தம்பிதான் பாடுபடுறாருன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காரு."

அண்ணியின் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்ததைச் சின்னவன் பார்த்தான். கைகள் தானாக அவிழ்ந்து முந்தானையைத் தேடின.

"நான்... மறுபடியும் தப்பா சொல்லிட்டேனா?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பெரியவன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "வீட்டுல இருக்கிறவ. எதையாவது உளறுவா. அன்னைக்கும் இப்படித்தான் உளறி..."

அவ்வளவுதான் சின்னவனுக்குத் தாங்கும். தான் தின்ற பணத்துக்கு இந்தப் பெண் இன்னொரு தரம் பழி சுமப்பதை நின்று வேடிக்கை பார்க்க அவனால் முடியவில்லை.

"அண்ணி உளறல மேடம். அவங்க சொன்னதுதான் நிசம்." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டான். "இங்க பாடுபடுறது எங்க அண்ணன். நான் நகரத்துல மூக்குக்கண்ணாடி விக்கிறேன். இந்த மண்ணுல நான் ஒரு விதை போட்டதில்ல. அண்ணன் எனக்காகப் பொய் சொன்னாரு."

ஆய்வாளர் டேப்லெட்டை அணைத்துக் கக்கத்தில் வைத்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் பொய்யைப் பதிவு பண்ணியிருக்கீங்க. இவர் பல வருஷமா, அவர் இப்ப. இதை இங்க நின்னு நான் தீர்க்க முடியாது. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் அலுவலகத்துக்கு வாங்க." ஹெல்மெட்டை மாட்டியவள் சற்றுத் தயங்கினாள். "அந்தக் கையெழுத்தை ராத்திரிக்குள்ள மேல அனுப்பணும். அனுப்புறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. பெரியவன் தம்பியைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பினான். கொஞ்ச தூரம் போய் நின்றான்.

"கீழ் ஓரத்துல இன்னும் கல்லு கிடக்கு" என்றான். அப்புறம் நடையைக் கட்டினான்.

காலையில் சொன்ன கேலிதான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் ஒரு வண்டி வந்து ஹாரன் அடிப்பது வயல் வரைக்கும் கேட்டது. சாயங்காலம் வருவதாகச் சொன்ன டிராக்டர் ஆட்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அண்ணி குனிந்து ஒரு டம்ளரில் டீயை ஊற்றினாள். அதைச் சின்னவனிடம் நீட்டினாள்.

"அப்ப நான் சரியாத்தான் சொன்னேனா தம்பி?"

"சரியாத்தான் சொன்னீங்க அண்ணி. அன்னைக்கும் உங்க மேல தப்பு இல்ல."

அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டான். அவள் இன்னும் விடவில்லை. அவன் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா அந்தப் பணம் யாருக்குப் போச்சு?"